சாமிக்கு வண்டியில் இடமில்லை

டிசம்பர் 12, வெள்ளி

குளிர். புனே பக்கம் இந்த நிக்டியில் தண்ணீர் கையை வெட்டுகிறது. கீசர் ரிப்பேர். இவருக்குக் கவலையில்லை, சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறார், பச்சைத் தண்ணீர்தான். குழுவுக்கே குருசாமி வேறு, இவர்தான். மாலை கழற்றும் வரை நானும் இவரை 'சாமி' என்றுதான் கூப்பிட வேண்டும்.

நாளை பூஜை, அன்னதானம் நம் வீட்டில். வாங்க வேண்டியவை: வாழையிலை (பிம்ப்ரி மார்க்கெட்), கற்பூரம், கொத்தமல்லி.

13, சனி

இடுப்பு விட்டுப்போயிற்று. பூஜையில் இவர், வழக்கம்போல்: "மாலை போட்டுட்டா சாதி இல்லீங்க, உத்தியோகம் இல்லீங்க. எல்லாரும் சாமிதானுங்க." கேட்க நன்றாகத்தான் இருந்தது.

செல்வம் என்று ஒரு கன்னிசாமி, இதுதான் முதல் மாலை. பிம்ப்ரியிலேயே பிறந்து வளர்ந்தவர். சாம்பார் வாளியோடு பந்தியில் இறங்கினார். யாரோ என்ன வேலை என்று கேட்டார்கள்.

"குப்பை காடி ஓட்டுறேன் சாமி, கார்ப்பரேஷன் வண்டி."

இவரே எழுந்துபோய் வாளியை வாங்கிக்கொண்டார். "நீங்க உக்காருங்க சாமி." கடைசிப் பந்தி, ஓரம். அப்புறம் யாரும் சாம்பார் கேட்கவில்லை. ரசம்தான் ஓடியது. நான் அந்தச் சாம்பாரை ஊற்றிச் சாப்பிட்டேன். அவ்வளவுதான் என் வீரம்.

15, திங்கள்

பள்ளிக்கூடப் பேப்பர் திருத்தல். கீசர்க்காரர் வரவில்லை.

இவர் போனில், செல்வத்திடம்: "வண்டியில எடமில்லீங்க சாமி. அடுத்த வருசம் பாக்கலாங்க." வைத்துவிட்டு என்னிடம்: "பின் சீட்டு ரெண்டும் காலிதான். பைகள வெச்சுக்கலாம்."

"அவரும் சாமிதானுங்களே?"

"நாலு பெரிய மனுசங்க வர்ற வண்டி. உனக்குப் புரியாது."

சண்டை போடத் தெம்பில்லை. படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்.

17, புதன்

சாயந்திரம் செல்வம் வந்தார். இவர் வெளியே. செருப்பில்லாத கால், இந்தக் குளிரில்.

"லீவு போட்டுட்டேன்மா. மாலையக் கழட்ட மனசு வரல. குருசாமி கையால இருமுடி மட்டும் கட்டிக் குடுத்தாப் போதும். நான் ரயில்ல ஜெனரல்ல போயிக்கிறேன்."

இவர் வந்ததும் சொன்னேன். குளிருக்கென்று போட்டுப்போன செருப்பைக் கழற்றியபடியே, "வேற குருசாமியப் பாக்கச் சொல்லு."

18, வியாழன்

கீசர் சரியாகிவிட்டது. இவர் குளித்துவிட்டுக் கூடத்தில் சரணம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, காபி."

சரணம் நின்றது. "மாலை போட்டிருக்கறேன். சாமின்னு கூப்புடு."

"வாயில வர மாட்டேங்குதுங்க" என்றேன்.