சல்லிக் கடலின் சேறு

அத்தான்,

இன்று காலை ஆய்வுகூடத்தில் ஒரு மாணவி மெழுகு உருக்கினாள். கடலடியில் எடுத்த சேற்றின் ஈரம் போகாமலிருக்க, குழாயின் வாயை மெழுகால் அடைப்பது எங்கள் வழக்கம். அந்த மணம் மூக்கில் ஏறியதும் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்து படிக்கட்டில் குந்திவிட்டேன். நீங்கள் எங்களை விட்டுப் போய் ஒரு மாதம் கழிந்துவிட்டது.

சண்டைக் காலம். வெளிநாட்டுப் படிப்பின் நடுவில் திருகோணமலைச் சல்லிக்கு, அக்காவும் நீங்களும் இருந்த வீட்டுக்கு வந்திருந்தேன். "சேறு படிக்கிறதுக்கோ பிளேன் ஏறிப் போனனீ?" என்று சிரித்தீர்கள். நான் பெரிய ஆள் மாதிரி விளக்கினேன். ஆழ்கடலின் குளிரிலும் அழுத்தத்திலும் மெதேன் வாயு தண்ணீரோடு சேர்ந்து பனிக்கட்டி போல உறைந்து கிடக்கிறது. அங்கே மண்ணைப் பிடித்து வைத்திருப்பதும் அதுதான். வாயுவை எடுக்க அழுத்தத்தைக் குறைத்தால் அந்தக் கட்டி கரையும். அப்போது மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதுதான் என் ஆய்வு. நீங்கள் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டே, "அப்ப காஸ் எடுக்க எடுக்க நிலம் தாண்டு போடுமோ?" என்று கேட்டீர்கள். "அதைத்தான் பாக்கப்போறன்" என்றேன்.

உண்மையில் எந்தக் கடல் சேறும் போதும். அந்தக் கட்டியை அதற்குள் நாங்களே உறைய வைத்துக்கொள்வோம். ஆனால் ஆய்வேட்டில் திருகோணமலை என்ற பெயர் வரவேண்டும் என்று எனக்கு ஒரு எழுப்பம், ஊர்ப் பெருமை. அதற்காக உங்களைப் பிடித்தேன். பாரம் கட்டிய இரும்புக் குழாயை ஆழத்தில் இறக்கிச் சேறு எடுத்து, படகிலேயே இரண்டு முனையையும் மெழுகால் அடைத்து, ஒட்டு நாடா சுற்றிக் கொண்டுவரச் சொன்னேன். கடலில் இறங்கவே நேவியிடம் பாஸ் எடுக்கவேண்டிய காலத்தில் அப்படி ஒரு குழாய் என்னவாகத் தெரியும் என்று இந்தப் படித்த மூளைக்குத் தோன்றவில்லை. கரையில் காவலுக்கு நின்ற சென்றிக்காரர்கள் அதைக் குண்டு என்றே நினைத்தார்கள்.

உங்களை ஈரச் சாரத்தோடு மணலில் முழங்காலில் இருத்தினார்கள். கரையில் காத்திருந்த நான் ஓடிப்போய் ஆங்கிலத்தில் விளக்கினேன். அதிகாரி என் பல்கலைக்கழக அட்டையைப் பார்த்தான். எனக்குக் கதிரை போடச் சொன்னான். தேத்தண்ணி வந்தது. நான் இருந்தேன், அத்தான். குடித்தேன். குடிக்காவிட்டால் அவன் கோபிப்பான் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சீனி அளவாக இருந்ததைக்கூட என் நாக்கு கவனித்ததே, சீ! எல்லாரும் தள்ளி நிற்க, குழாயைத் திறக்க உங்களைத்தான் விட்டார்கள். சேறு வழிந்தது. சிரித்தார்கள். போகச் சொன்னார்கள். பாஸை மட்டும் தரவில்லை.

நீங்கள் அந்தச் சேற்றைக் கையால் அள்ளித் திரும்பவும் குழாய்க்குள் போட்டீர்கள். வரும் வழியில், "இவ்வளவு காணுமோ, இன்னும் வேணுமோ?" என்று கேட்டீர்கள்.

"காணும் அத்தான்."

"அக்காவுக்கு ஒண்டும் சொல்லாதை. உன்னை உரிச்சுப்போடுவா."

பாஸ் பிறகும் கிடைக்கவில்லை. கண் மங்கிவிட்டது, இனிக் கடலுக்குப் போக ஏலாது என்று அக்காவிடம் சொன்னீர்கள். ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டு, மற்றவர்கள் பிடித்த மீனைச் சந்தையில் நிறுக்கப் போனீர்கள். போனில் நான் பாஸைப் பற்றிக் கேட்டால், "அதை விடு. உன்ரை சேறு என்ன சொல்லுது?" என்பீர்கள். கட்டி உள்ளே இருக்கும்வரை அது கல் மாதிரி நின்றது. வாயு வெளியேற வெளியேற வயிறு தள்ளி, குறுகி, அமர்ந்துவிட்டது. "தாண்டு போட்டுது அத்தான்" என்றேன். உங்களுக்கு எவ்வளவு சந்தோஷம்!

சண்டை முடிந்து, பாஸ் கேட்பார் இல்லாமல் போன பிறகும் நீங்கள் கண்ணாடியைக் கழற்றவில்லை. கழற்றினால் அக்கா ஏன் என்று கேட்பா. "இந்தக் குருட்டு மனிசனைக் கட்டி நான் படுற பாடு" என்று அவ போனில் சொல்லும்போதெல்லாம் நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து மூன்றாம் நாள் அக்கா போன் எடுத்தா. "தம்பி, அரிசியிலை கல்லுப் பொறுக்க அத்தான்ரை கண்ணாடியைப் போட்டனான். அது வெறுங் கண்ணாடி. யன்னல் கண்ணாடி மாதிரி. அந்த மனிசனுக்கு வடிவாக் கண் தெரிஞ்சிருக்கு. பிறகேன் கடலை விட்டவர்? உனக்கு ஏதும் தெரியுமோ?"

"ஓம் அக்கா" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். குழாய், முழங்கால், கதிரை, நான் குடித்த தேத்தண்ணி. ஏசுவா என்று காத்திருந்தேன். அவ ஏசவில்லை.

"அப்ப நான் குருடன், குருடன் எண்டு அவரை ஏசினதெல்லாம்?" என்று கேட்டா. பிறகு அழத் தொடங்கினா.

அவவுக்கு வரக்கூடாது என்று நீங்கள் இத்தனை வருஷம் காத்த வெட்கத்தை, ஒரே போனில் அவவின் தலையிலும் ஏற்றிவிட்டேன் அத்தான். என் தலையிலிருந்து அது கொஞ்சமும் இறங்கவில்லை.