முங்குவயலில் மூன்றாவது வீடு

12.2.2007
பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும்போது பார்த்தேன். தெருவை ஒட்டின முங்குவயலில் மஞ்சள் கல் நட்டுக் கலர் கொடி கட்டியிருக்கிறார்கள். 'பொன்வயல் நகர், வீட்டுமனைகள் விற்பனைக்கு' என்று போர்டு. ஐப்பசி, கார்த்திகை மழை வலுத்தால் ஓடை திரும்பி இடுப்பளவு தண்ணீர் நிற்கும் இடம். அதனால்தான் அந்தப் பெயரே. எந்த ஏமாளி வாங்குவான் என்று தெருவே சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

3.3.2007
அந்த மனைகளை விற்கிற புரோக்கர் தவசி, வீட்டுக்கு வீடு அல்வாப் பொட்டலம் கொடுத்துவிட்டுப் போனார். முகத்துக்கு நேரே யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அல்வா நன்றாகத்தான் இருந்தது.

6.9.2007
மூன்றாவது மனையில் இன்று வாசக்கால் நட்டார்கள். வாங்கியவளுக்குப் பொன்னாத்தாள் என்று பெயர். இருபத்திரண்டு வருஷம் மலையில் ஏலத்தோட்டத்தில் காய் எடுத்தவள். புருஷன் சுருளியாண்டிக்கு நெஞ்சுச் சளி, குளிர் ஆகாது. சேர்த்து வைத்ததையெல்லாம் இந்த மனையில் போட்டுவிட்டாள். இங்கே சொந்தம் என்று யாரும் இல்லாததால் தெருப் பெண்களை வந்து அழைத்தாள். ஐந்து பேர் போனோம். நிலைக்கு மஞ்சள் பூசி, குழியில் நவதானியம் போட்டு, நான் பால் ஊற்றினேன். அப்போது பார்த்துக் கேட்டாள்:

"மதினி, மழைக்கு இங்கன தண்ணி நிக்குமா? ஒங்களுக்குத் தெரியாம இருக்காது."

கையில் பால் செம்பு. எதிரே இப்போதுதான் நட்ட நிலை. அதற்கு முன்னால் நின்றுகொண்டு கெட்ட சொல் சொல்லலாமா? ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தோம். கடைசியில் நான்தான் வாயைத் திறந்தேன்.

"ஒண்ணும் ஆகாது ஆத்தா. நல்லா இருப்பீக."

நாளைக்குத் தனியாகப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும்.

20.9.2007
சொல்லவில்லை. சுவர் இடுப்பு மட்டத்துக்கு வந்துவிட்டது. இனிமேல் சொல்லி?

25.1.2008
பொன்னாத்தாள் பால் காய்ச்சினாள். எனக்கென்று தனியாக ஒரு பொட்டலம் ஏலக்காய். "நீங்க ஊத்துன பால்தான் மதினி, வீடு தடங்கலில்லாம முடிஞ்சுச்சு" என்றாள். டீ போடும்போதெல்லாம் அந்த வாசனை வருகிறது. எனக்குப் பிடிக்கவில்லை.

26.11.2008
மூன்று நாளாக விடாத மழை. விடிகாலையில் ஓடை திரும்பிவிட்டது. பொன்வயல் நகரில் பதினோரு வீட்டுக்குள்ளும் தண்ணீர். அது வடிவதென்றால் எங்கள் தெரு வழியாகத்தான் வடிய வேண்டும். ஆம்பிளைகள் சாக்குக் கேட்டு வந்தார்கள். என் பொறுப்பிலிருக்கிற பள்ளிக்கூட ஸ்டோரைத் திறந்து சத்துணவு அரிசியின் காலிச் சாக்கு நாற்பது எடுத்துக் கொடுத்தேன். மண் நிரப்பித் தெருமுனையை அடைத்தார்கள். எங்கள் வாசல் நனையவில்லை.

அந்தப் பக்கம் தொடை மட்டத் தண்ணீரில் நின்றுகொண்டு பொன்னாத்தாள் கத்தினாள்: "மதினி! நாலு சாக்க மட்டும் எடுக்கச் சொல்லுங்க, வடிஞ்சிரும்! அவர மேசமேல ஏத்தி ஒக்கார வச்சிருக்கேன்!"

வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எடுத்தா நம்ம வீட்டுக்குள்ள வரும். பேசாம இரு கஸ்தூரி."

பேசாமல்தான் இருந்தேன். எனக்கு அதுதான் நன்றாக வருமே.

2.12.2008
தண்ணீர் வடிந்துவிட்டது. அவள் வீட்டுத் தரை இறங்கி, சுவரில் கை நுழைகிற மாதிரி வெடிப்பு. சுருளியாண்டி ஆஸ்பத்திரியில். எதிர்வீட்டு மலையம்மாள் சொல்கிறாள்: "சல்லிசாக் கெடச்சா வாங்கிர்றதா? நாலு பேர்ட்ட விசாரிக்க வேணாமா?"

விசாரித்தாளே. என்கிட்டத்தானே விசாரிச்சா, பாவி என்கிட்டத்தானே!

18.1.2009
நகர்க்காரர்கள் தவசிமேல் மனு கொடுத்து, சர்வேயர் வந்து பழைய வரைபடத்தை விரித்தார். முங்குவயலில் பாதி ஓடைப் புறம்போக்கு. அந்தக் கோடு அங்கேயே நிற்கவில்லை. எங்கள் தெருவில் பதினாலு வீட்டுக் கொல்லை வழியாகவும் போகிறது. என் அடுப்படி உட்பட. தெருவில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

25.1.2009
தவசி காகிதத்தோடு வந்தார். 'இவ்விடத்தில் எக்காலத்திலும் நீர் தேங்கியதில்லை. பெய்தது அசாதாரண மழை.' கீழே கையெழுத்துப் போட இடம்.

"ஓடைன்னு ஒத்துக்கிட்டா ஒங்க பதினாலு வீட்டையும் சேத்துல்ல இடிப்பாக? சத்துணவு டீச்சர், நீங்க மொதல்ல போடுங்க. மத்தவக தானாப் போடுவாக."

போட்டேன். பதிமூன்று பேர் போட்டோம். சைக்கிள் கடை சேக் பரீத் பாய் மட்டும் பேனாவைத் தொடவில்லை. "கண்ணால பாத்தத எப்பிடிப் பாக்கலன்னு எழுதுறது?" என்றார். அவர் வீடும் அந்தக் கோட்டில்தான் இருக்கிறது.

14.3.2009
தெருக்காரர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று மனு தள்ளுபடி. தவசி சொன்ன விலைக்கே வீட்டைக் கொடுத்துவிட்டு, தோட்டத்து ஜீப்பில் பொன்னாத்தாள் மலையேறினாள். கம்பளிக்குள் சுருளியாண்டி இருமிக்கொண்டே இருந்தார். "வாரேன் மதினி" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

9.8.2009
மூன்றாவது வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள். ரோஸ் கலர். வெடிப்பு தெரியவில்லை.

20.8.2009
திருப்பூரிலிருந்து நதியா போன் பண்ணினாள். பிள்ளைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அம்மா, ஒன் பக்கத்துலயே வீடு வாங்கிட்டோம்! ஒன்ட்டச் சொல்லாம வாங்கணும்னு இருந்தோம். பொன்வயல் நகர்ல, மூணாவது வீடு!"

மாப்பிள்ளை பாண்டியராஜனிடம் கொடுக்கச் சொல்லி, இந்தத் தடவை சொன்னேன். சொல்லியே விட்டேன். "அங்கன தண்ணி நிக்கும் மாப்ளே. இடுப்பளவு நிக்கும்."

"தவசி அண்ணன் பேப்பர் காட்டுனாரே அத்தை. மொதக் கையெழுத்து ஒங்களோடதுதானே? முன்னாடி தண்ணி நின்ன எடம்னு நதியா சொன்னா, அம்மாவே போட்டிருந்தா இப்ப மேடாக்கிருப்பாகன்னு அவளே நம்பிட்டா. அதப் பாத்துத்தான் வேற யார்ட்டயும் விசாரிக்கல. நேத்துக் கிரயம் முடிஞ்சிருச்சு."

22.8.2009
தவசியிடம் போனேன். திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டாராம். என் கையெழுத்தின் நகலை என்னிடமே காட்டுகிறார்.

4.9.2009
பால் காய்ச்சினார்கள். மாப்பிள்ளை என்னோடு பேசவில்லை. நதியா ஏழு மாசம். நல்லா இருப்பீக என்று வாயில் வரவில்லை.

25.10.2009
மேற்கே மலையே தெரியவில்லை, அப்படிக் கறுத்திருக்கிறது. வீடு வீடாகப் போய்க் கேட்டேன்: இந்தத் தடவை தெருமுனையை அடைக்காதீர்கள், என் மகள் இருக்கிறாள், தண்ணீர் நம் தெரு வழியே போகட்டும். மலையம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றாகத்தான் பேசினாள். "நதியா எனக்கும் மகதான். அதுக்காக நம்ம வீட்டுக்குள்ள விட முடியுமா மதினி?"

பள்ளிக்கூட ஸ்டோரைப் பூட்டிச் சாவியை என் இடுப்பிலேயே செருகி வைத்திருந்தேன். அதுவும் வீண். போன வருஷத்துச் சாக்குகளைக் காயவைத்து, மடித்து, மலையம்மாள் தன் வீட்டுப் பரணில் பத்திரமாக வைத்திருக்கிறாள். நாற்பதும் இருக்கிறது.