இரண்டு வீட்டு இருமல்

ஜனவரி 12, வெள்ளி

வாண்டின் அப்பாவுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். கோபம் வேறு விஷயம். போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையிலேயே சண்டை வந்துவிடுகிறது. அதனால்தான் எழுதி, உங்கள் மகளின் பையில் உடுப்புகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். அவளுக்கு இன்னும் எழுத்துக் கூட்டத் தெரியாதது நம் அதிர்ஷ்டம்.

இருமல் நிற்கவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. காய்ச்சல் இல்லை, சளி இல்லை. பகலெல்லாம் குரங்குச் சேட்டை, படுத்ததும் ஆரம்பிக்கிறது. மருந்து பாட்டில்கள் காலியானதுதான் மிச்சம். நேற்று வேறொரு டாக்டரிடம் காட்டினேன். மூக்கைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறாளா, காலையில் தும்முகிறாளா என்றெல்லாம் கேட்டார். "இது சளி இருமல் இல்லம்மா, அலர்ஜி மாதிரி தெரியுது. வீட்ல என்னென்ன இருக்குன்னு பாருங்க" என்றார்.

என் வீட்டில் என்ன இருக்கிறது? ஒரு கட்டில், ஒரு மேசை, நாங்கள் இருவர். உங்கள் அறையில்தான் மூலைக்கு மூலை தூசி. போதாததற்கு பேக்கரியிலிருந்து மாவைத் தலையிலும் சட்டையிலும் சுமந்துகொண்டு வருகிறீர்கள். வெளிப்படையாகவே சொல்கிறேன். இருமல் நிற்காவிட்டால் சனி, ஞாயிறு அவளை அங்கே அனுப்புவதை நிறுத்திவிடுவேன். பழிவாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம்.

வாண்டின் அம்மா


ஜனவரி 14, ஞாயிறு

வாண்டின் அம்மாவுக்கு,

பையில் கடிதத்தைக் கண்டதும் காதல் கடிதமோ என்று ஒரு கணம் ஏமாந்தேன். ஆசை யாரை விட்டது!

சனிக்கிழமை முழுக்கத் துடைத்தேன். தரைவிரிப்பைச் சுருட்டிக் கீழ்வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டேன். திரைச்சீலையும் போயிற்று, எதிர்வீட்டுக்காரர்கள் இனி என் பனியன் அழகைப் பார்த்து ரசிக்கலாம். குளித்து உடை மாற்றாமல் அவளைத் தூக்கவில்லை. "ஏம்ப்பா, இன்னும் எத்தன தடவ குளிப்ப?" என்று கேட்டுவிட்டாள். அப்படியும் படுத்ததும் இருமினாள். உன்னிடம் மறைப்பானேன்?

ஆனால் மாவின் மேல் பழி போடாதே. நம் பழைய வீட்டை நினைத்துப் பார். சைக்கிள் கடைக்கு மேலே இரண்டே அறை. கீழே அவர்கள் டியூபுக்குக் காற்றடித்தால் மேலே நம் பேச்சு கேட்காது. அப்போதும் நான் பேக்கரிதான். விடிந்ததும் சூடான ரொட்டியோடு வருவேன். நீங்கள் இருவரும் தலை கலைந்து, ஒரே போர்வைக்குள்ளிருந்து கையை மட்டும் நீட்டுவீர்கள். தட்டு எடுக்க உனக்குச் சோம்பல். மெத்தை முழுக்க ரொட்டித் தூள், என் சட்டை முழுக்க மாவு. அங்கே அவள் ஒரு நாளாவது இருமினாளா? உன் புது வீட்டில் கட்டிலுக்குப் பின்னால் சுவர் ஈரமாக இருக்கிறதாம், மகள்தான் சொன்னாள். அதையும் கொஞ்சம் பார்.

சனி, ஞாயிறை மட்டும் பிடுங்கிவிடாதே. மற்ற நாட்களை அதை நம்பித்தான் ஓட்டுகிறேன்.

வாண்டின் அப்பா


ஜனவரி 19, வெள்ளி

வாண்டின் அப்பாவுக்கு,

சுவரைப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரிதான், கரும்புள்ளியாகப் பூஞ்சை. மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்கு லீவு போட்டு, ஆள் வைத்துச் சுரண்டி, கட்டிலை இடம் மாற்றினேன். கடையில் எனக்குப் பதிலாக நின்ற பெண் யாருக்கோ கிட்டப்பார்வைக் கண்ணாடியை மாற்றிக் கொடுத்து அது வேறு ரகளை. இவ்வளவுக்குப் பிறகும் இருமல் இருக்கிறது.

மறுபடி டாக்டரிடம் போனேன். மூச்சில் கோளாறு இல்லை, பயப்பட வேண்டாம் என்றார். மாலையில் கொடுக்க ஒரு மருந்து எழுதியிருக்கிறார், பையில் வைத்திருக்கிறேன். பிறகு, "ரெண்டு வீட்லயும் இருமுறான்னா, ரெண்டு வீட்டுக்கும் போயிட்டு வர்றது எது?" என்று கேட்டார். "என் பொண்ணுதான் டாக்டர்" என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

இன்று மாலை பை கட்டும்போதுதான் உறைத்தது. மாப்பிள்ளை! அந்தத் துணி முயலை, "உனக்கு மாப்பிள்ளை பார்த்தாச்சு" என்று நீங்கள்தான் வாங்கி வந்தீர்கள், அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. தூங்கும்போது அவன் காது அவள் மூக்கில்தான் இருக்கிறது. துணி பொம்மையில் கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிகள் சேருமாம், போன் போட்டுக் கேட்டதற்கு டாக்டர் சொன்னார்.

உண்மையைச் சொல்லுங்கள். அவனைக் கடைசியாக எப்போது துவைத்தீர்கள்? இங்கே வந்த பிறகு நான் துவைத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் துணியோடு நீங்கள் அலசிவிடுவீர்கள் என்று இருந்துவிட்டேன்.

வாண்டின் அம்மா


ஜனவரி 21, ஞாயிறு

வாண்டின் அம்மாவுக்கு,

நீ துவைக்கிறாய் என்றல்லவா நான் இருந்தேன்! நாம் பிரிந்ததிலிருந்து மாப்பிள்ளை தண்ணீரையே பார்க்கவில்லை.

நேற்றுக் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வைத்து முக்கினேன். "சுடும்ப்பா அவனுக்கு! வெளிய எடு!" என்று பக்கத்தில் நின்று ஒப்பாரி. "அழுக்கு மாப்பிள்ளைக்கு யாரு பொண்ணு குடுப்பா?" என்று சமாதானம் சொன்னேன். தண்ணீர் டீ நிறத்தில் வந்தது. மாடியில் காயப் போட்டும் இருட்டுவதற்குள் காயவில்லை. அவன் இல்லாமல், என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு படுத்தாள்.

அவள் இருமலை இப்போது மனப்பாடமாகத் தெரியும் எனக்கு. படுத்ததும் வறட்டென்று இரண்டு. பிறகு இடைவெளி. தூங்கிவிட்டாள் என்று நாம் கையை எடுக்கும் நேரம் பார்த்து மறுபடி இரண்டு. வாய் மூடியேதான் இருக்கும், தோள் மட்டும் குலுங்கும். நேற்று ராத்திரி அந்த முதல் இரண்டோடு நின்றது. அடுத்ததற்காக நான் காத்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஒரே வீட்டில் இருந்திருந்தால் நம்மில் ஒருவராவது துவைத்திருப்போம் இல்லையா? சைக்கிள் கடைக்காரரிடம் விசாரித்தேன். அந்த இரண்டு அறையும் காலியாகத்தான் இருக்கிறது. இருமலே இல்லாத வீடு அது. மூவருமாக அங்கேயே போய்விடலாமா?

வாண்டின் அப்பா


பிப்ரவரி 9, வெள்ளி

வாண்டின் அப்பாவுக்கு,

இரண்டு வெள்ளிக்கிழமை பையில் வெறும் உடுப்புதான் இருந்திருக்கும். மன்னியுங்கள். என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

முதலில் நல்ல செய்தி. இருமல் அநேகமாகப் போய்விட்டது. மருந்தைக் குறைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். படுக்கை விரிப்பையும் மாப்பிள்ளையையும் வாராவாரம் சுடுதண்ணீரில் போட வேண்டும். நானும் துவைக்கிறேன், நீங்களும் துவையுங்கள். இரண்டு தடவை குளித்தால் அவன் ஒன்றும் கரைந்துவிடமாட்டான்.

இனி நீங்கள் கேட்டது. பழைய வீட்டில் அவள் இருமினாள். கைக்குழந்தையாக இருந்தபோது இல்லை; நடக்க ஆரம்பித்த பிறகு, கொஞ்ச நாள் விட்டுக் கொஞ்ச நாள். அப்போது உங்களுக்கு வாரம் முழுக்க ராத்திரி வேலை. நீங்கள் படியேறி வரும் நேரத்துக்கு இருமல் ஓய்ந்து அவள் ஒரு குட்டித் தூக்கமும் போட்டிருப்பாள். எங்கள் தலை கலைந்திருந்தது அதனால்தான். தட்டு எடுக்காதது சோம்பலால் இல்லை, எழுந்து நிற்க முடியாமல். ஒரு முறை சொன்னேன். "குழந்தைன்னா இருமத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டீர்கள். பாவம், நீங்களும் களைத்திருந்தீர்கள்.

அந்த ரொட்டி பொய் இல்லை. சூட்டில் விரல் சுடச் சுடப் பிய்த்துத் தின்றது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. இங்கே சில காலைகளில் அதை நினைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறேன். ஆனாலும் அந்த வீட்டுக்கு நான் வரமாட்டேன். அங்கே நான் தனியாக இருந்தேன்.

இரண்டு இருமல், இடைவெளி, பிறகு இரண்டு என்று எழுதியிருந்தீர்களே, அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கொஞ்சம் அழுதேன். அப்படியேதான் இருமுவாள். அது தெரிந்த இன்னொரு ஆள் இப்போது இருக்கிறார். சனி, ஞாயிறு உங்களுடையது. அதை இனி யாரும் எடுக்கமாட்டார்கள்.

வாண்டின் அம்மா


பிப்ரவரி 11, ஞாயிறு

வாண்டின் அம்மாவுக்கு,

வேடிக்கையாக எழுத இன்று வரவில்லை.

அந்த அறைகளை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன். பேக்கரியில் பகல் வேலை கேட்டிருக்கிறேன், முன்பே கேட்டிருக்கலாம். உன்னை வரவழைக்க இல்லை. மற்ற ராத்திரிகள் விழித்த அசதியோடு, அவள் இங்கே தூங்கும் நாட்களில் நான் அரைத் தூக்கத்தில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஒரே ஒரு உதவி வேண்டும். இத்தனை நாள் நான் நினைத்து நினைத்து மகிழ்ந்ததெல்லாம் விடிந்த பிறகு இருந்த வீடு. விடியும்வரை இருந்த வீட்டை எனக்குத் தெரியாது. விளக்கைப் போடுவாயா? அவளைத் தோளில் போட்டு நடப்பாயா, உட்கார்ந்தே இருப்பாயா? என்ன சொல்லித் தட்டுவாய்? என்னைத் திட்டினாயா? திட்டியிருந்தால் அதையும் சேர்த்து எழுது.

கொஞ்சம் கொஞ்சமாக எழுது, அவசரம் இல்லை. எல்லாவற்றையும் படிப்பேன்.

வாண்டின் அப்பா