உள்ளங்காலைப் பார்க்க ஆள்

ஜூலை 8, திங்கள்

காலையிலேயே புழுக்கம். எட்டு மணிக்குச் சுகாதார நிலையம். டோக்கன் 23. முன்பெல்லாம் ஒரே டாக்டர், எல்லாம் அவருக்கே தெரியும். இப்போது குழுவாகப் பார்க்கிறார்களாம். நர்ஸ் மேரி, ரத்தம் எடுக்கும் பையன், டாக்டர் (சின்னப் பெண்), மருந்து கொடுப்பவர், சாப்பாடு பற்றிச் சொல்ல ஒரு பெண். ஐந்து பேர், ஒரே அட்டை.

மேரி கேட்டாள்: "வீட்ல யார் யாரும்மா?"

"நானும் என் தங்கையும்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. எத்தனையோ வருஷமாகச் சொன்ன பதில். விமலா போய் இரண்டு வருஷம் ஆகிறது. திருத்துவதற்குள் எழுதிவிட்டாள். பின்னால் நீள வரிசை. விட்டுவிட்டேன்.

சர்க்கரை 260. "தினமும் உள்ளங்காலப் பாக்கணும்மா. உங்களால குனிய முடியாது. தங்கச்சியப் பாக்கச் சொல்லுங்க." தலையாட்டினேன்.

வாங்க: தயிர், ஹால் பல்பு, கோதுமை ரவை.

ஜூலை 11, வியாழன்

மாலை மழை. கீழ்வீட்டுப் பெண் மாடியில் காய்ந்த என் புடவையையும் எடுத்து வந்து கொடுத்தாள். "தேங்க்ஸ்மா" என்றேன். அதற்குள் படியிறங்கிவிட்டாள்.

பிறகு போன். சாப்பாட்டுப் பெண். இட்லி எத்தனை, சோறு எவ்வளவு, எல்லாம் கேட்டாள். கடைசியில், "தங்கச்சி நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்கா."

விமலாவை யாராவது விசாரித்து எவ்வளவு நாளாயிற்று. கேட்கச் சுகமாக இருந்தது. அதுதான் வெட்கம்.

வலது செருப்பு பிசுபிசுவென்று ஒட்டுகிறது. மழைத் தண்ணீர்தான்.

ஜூலை 15, திங்கள்

மறுபடி சு. நிலையம். பொய் எனக்கு முன்னாலேயே எல்லா மேஜைக்கும் போய்விட்டிருக்கிறது. மருந்து கொடுப்பவர்: "தங்கச்சியையும் கூட்டிட்டு வாங்க, சுகர் பாத்துடலாம்." டாக்டர் அட்டையைப் பார்த்தபடி: "கால் பாத்தாங்களாம்மா?"

"பாத்தா. ஒண்ணுமில்லைன்னா."

வெளியே நாற்பது பேர். நம்பிவிட்டார். நல்ல பெண். பேருந்தில் வரும்போது இறங்கித் திரும்பிப் போய்ச் சொல்லிவிடலாமா என்று இரண்டு நிறுத்தம் யோசித்தேன். போகவில்லை.

ஜூலை 17, புதன்

பதினோரு மணிக்கு அழைப்பு மணி. செல்வி. சு. நிலையத்திலிருந்து வீடு வீடாகப் போய் வயசானவர்களைப் பார்ப்பவள். பட்டினப்பாக்கத்துக்காரி, நாற்பது வயசிருக்கும். பிரஷர் மிஷினைத் தோளில் மாட்டியிருந்தாள்.

"இன்னாம்மா, தங்கச்சி எங்க?"

"கடைக்குப் போயிருக்கா."

ஹாலைச் சுற்றிப் பார்த்தாள். சுவரில் விமலா படம், மாலையோடு. கீழே குனிந்தவள், "இன்னாம்மா இது, தரையெல்லாம் கறை கறையா கீது?" என்றாள். நான் நடந்த இடமெல்லாம். எனக்குத் தெரியவே இல்லை.

தரையில் உட்கார்ந்து என் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "எம்மா! இம்மாம் பெரிய புண்ணு! வலிக்கல?"

"இல்லையே."

"தங்கச்சி பாத்துச்சுன்னு அட்டையில எய்திக்கீது?"

"விமலா இல்லை. செத்துப்போயிட்டா. ரெண்டு வருஷமாச்சு."

வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. துக்கத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் தெரிந்தேதான் இருந்தது, நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அழுதேன். செல்வி காலை விடவில்லை. "படத்தப் பாத்தேம்மா. நீயே சொல்லட்டும்னு கம்முனு இருந்தேன்" என்றாள்.

ஆட்டோவில் அவளே கூட்டிப்போனாள். செருப்பை மேரி திருப்பிப் பார்த்தாள். அடியிலிருந்து ஒரு சின்ன ஆணி மேலே வந்திருந்தது. டாக்டர் திட்டவில்லை. "இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா விரல எடுக்க வேண்டி வந்திருக்கும்மா. காலை நானே பாத்திருக்கணும்" என்றார். எனக்குத்தான் தலை நிமிரவில்லை.

திங்கள், புதன், வெள்ளி கட்டு. எட்டரைக்கு.

ஆகஸ்ட் 2, வெள்ளி

ஒன்பதாவது கட்டு, அல்லது எட்டாவது. சதை சிவப்பாக வருகிறதாம், நல்லதாம். மேரியின் மகள் பிளஸ் டூ. கணக்கு வரவில்லை. மருந்து கொடுப்பவருக்குத் தாம்பரத்திலிருந்து ரயில். எனக்கு முன்னால் வரும் பெரியவர் இடம் பிடித்து வைக்கிறார். செல்வி போகிற போக்கில், "மூஞ்சி தெளிஞ்சுகீதும்மா" என்றாள். வீட்டுக்கு வந்து கண்ணாடி பார்த்தேன்.

ஆகஸ்ட் 28, புதன்

புண் மூடிவிட்டது. டாக்டர் விரலால் அழுத்திப் பார்த்தார். எல்லோருக்கும் ஒரே சந்தோஷம், மேரி கை தட்டினாள். "இனிமே மாசம் ஒரு தடவை வந்தா போதும்மா." நானும் சிரித்தேன். நன்றி சொன்னேன். வெளியே வந்து பெரியவரிடம் சொன்னேன். "கொடுத்து வச்சவங்க" என்றார்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

வெயில். ஏழரைக்கே புடவை கட்டி, பூட்டைக் கையில் எடுத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. இன்று போக வேண்டியதில்லை. புடவையை மாற்ற மனமில்லை. பூட்டிக்கொண்டு மந்தைவெளி பேருந்து நிறுத்தம் வரை நடந்தேன். பெஞ்சில் உட்கார்ந்தேன். பஸ் வந்தது. எல்லோரும் ஏறினார்கள்.

கண்டக்டர் எட்டிப் பார்த்து, "ஏறலையாம்மா?" என்றார்.

"இல்லப்பா. நீங்க போங்க."