சண்டைக்காரர் வீட்டுச் சாப்பாடு

என் அன்புக்கும் கோபத்துக்கும் உரிய அப்பாவுக்கு,

நீங்கள் போன பிறகு உங்களோடு நான் மனதுக்குள்கூடப் பேசவில்லை. ராசிபுரத்துத் தோட்டத்தைச் சரசு பேருக்கு எழுதி வைத்ததை நீங்கள் என்னிடம் சொல்லவே இல்லை. பத்திர ஆபீஸ் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த யாரோ ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தங்கைக்குக் கொடுத்தது வலிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். என்னிடம் மறைத்துக் கொடுத்தது அதைவிட வலித்தது. ஏன் மறைத்தீர்கள்? நான் தடுத்துவிடுவேன் என்றா?

அன்றிலிருந்து சரசு வீட்டில் நான் கை நனைக்கவில்லை. போனால் வாசலோடு சரி. தண்ணீர் கொண்டுவந்தால் இப்போதுதான் குடித்தேன் என்பேன். இது உங்களிடம் படித்த பாடம்தான். கிணற்றில் யார் முறைக்கு மோட்டார் போடுவது என்று தொடங்கிய சண்டைக்காகச் சித்தப்பா வீட்டில் நீங்கள் ஆயுள் முழுக்க ஒரு வாய் சோறு தின்னவில்லை. சித்தி இறந்த அன்றுகூடத் தெருவிலேயே நின்றுவிட்டுத் திரும்பினீர்கள். பக்கத்தில் நானும் நின்றேன்.

இப்போது சரசுவின் மகள் தீபாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை நாமக்கல் பக்கம், நல்ல குடும்பம். நான் வெளிநாடு கிளம்புவதற்குச் சற்று முன்னால் சரசு போன் செய்தாள்.

“அண்ணா, நீதான் வந்து புள்ளைக்குப் பட்டம் கட்டோணும்.”

“வாரேன். தாய்மாமன் கடமை, கட்டிட்டுப் போயிடறேன். சாப்பாடெல்லாம் வேண்டாம்.”

“தாய்மாமன் பட்டினியாப் போன கல்யாணம்னு ஊரு பேசறதுக்கா? வந்தா பந்தியில உக்காரோணும். இல்லீன்னா சொல்லிப்போடு, சித்தப்பா மவன் செந்திலைக் கட்டச் சொல்லிக்கறேன்.”

செந்தில்! சித்தப்பா மகன்! என் இடத்தில் நின்று தீபாவின் நெற்றியில் பட்டம் கட்டுவதற்கு அவன்தான் கிடைத்தானா? எங்கே அடித்தால் எனக்கு உறைக்கும் என்று உங்கள் மகளுக்கு நன்றாகத் தெரியும். போனை வைத்துவிட்டு விமானம் ஏறினேன்.

மிலான் நகரத்தில் தறி இயந்திரக் கண்காட்சி. குமாரபாளையத்தில் நான் மேனேஜராக இருக்கும் கம்பெனி என்னை அனுப்பியது. வேலை முடிந்ததும் லூக்கா வந்து தன் ஊருக்கு அழைத்துப் போனான். லூக்காவை உங்களுக்கு நினைவிருக்கும். புதுத் தறி பூட்ட வந்து மாதக்கணக்கில் நம் ஊரில் தங்கியிருந்தானே, அந்த இத்தாலிக்காரப் பையன். நம் வீட்டில் கொள்ளு ரசம் குடித்துவிட்டுக் கண்ணில் தண்ணீரோடு “நல்லாருக்குதுங்க” என்றான். “இன்னுங் கொஞ்சம் ஊத்து சாமி” என்று நீங்கள்தான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள். தறிக்காரர்களிடம் பேசிப் பேசி அவனுக்கு வந்த தமிழ் அத்தனையும் நம் தமிழ். மெஷினைக்கூட “ஓடுதுங்க” என்று மரியாதையாகத்தான் சொல்வான்.

அவன் ஊர் பெர்கமோ பக்கம். கொண்டப்பநாயக்கன்பட்டியில் நின்றால் ஏற்காட்டு மலை தெரிவது போல, வீட்டுக்குப் பின்னாலேயே மலை. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு அவன் பெரியப்பா ஆல்டோ வீட்டில் என்றான். காரில் போகும்போதே கதையையும் சொல்லிவிட்டான். தாத்தா காலத்து மாட்டுக் கொட்டகையை ஆல்டோ, தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விற்றுவிட்டாராம். தம்பி புரூனோ, அதாவது லூக்காவின் அப்பா, அன்றிலிருந்து அண்ணனைத் திருடன் என்றுதான் சொல்கிறாராம்.

கேட்டதும் எனக்கு மனசு நிமிர்ந்து உட்கார்ந்தது. சொல்லாமல் கொடுப்பதும் சொல்லாமல் விற்பதும் அங்கேயும் உண்டு. லூக்கா என் நண்பன். அவன் அப்பாவுக்கு ஆகாத வீட்டில் எனக்கென்ன சாப்பாடு? அவன் வெளியே சொல்ல முடியாமல் சங்கடப்படுகிறான் என்றே நினைத்தேன். பல்லில் தண்ணீர் படாமல் திரும்புவது என்று காரிலேயே முடிவு செய்தேன்.

நீள மேஜை. அத்தைகள், மாமன்கள், பேரப்பிள்ளைகள் என்று ஒரு கூட்டம். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், யார் பேச்சையும் யாரும் கேட்கவில்லை. ஆல்டோவின் மனைவி ரோசா பெரிய சட்டியில் மக்காச்சோள மாவைக் கிண்டிக்கொண்டிருந்தார். நம் களிதான், அப்பா. மரப்பலகையில் கொட்டி, நூலைப் பிடித்து அறுத்து, மேலே முயல் கறிக் குழம்பை ஊற்றினார். என் தட்டுக்கு வந்தபோது கையை வைத்து மறைத்து, வயிறு சரியில்லை என்று சைகை செய்தேன்.

மேஜை மொத்தமும் அடங்கிவிட்டது. ரோசா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். ஒருத்தி எலுமிச்சை பிழிந்த வெந்நீர் கொண்டுவந்தாள். டாக்டரைக் கூப்பிடலாமா என்று ஒருவர் எழுந்தேவிட்டார். லூக்கா என் காதருகே குனிந்தான்.

“ஏனுங்க, நெசமாவே வயிறு சரியில்லீங்களா?”

“வயிறு நல்லாத்தான் இருக்குது. உங்கப்பாவுக்கும் இவருக்கும் ஆகாதுன்னு சொன்னியே? அப்புறம் நான் எப்படி இந்த வீட்டுல கை நனைக்கறது?”

அவன் சிரித்துக்கொண்டே அதை மொழிபெயர்த்துச் சொன்னான். கூட்டம் மேஜையைத் தட்டிச் சிரித்தது. ஆல்டோ எழுந்து வந்து என் தோளைப் பிடித்து என்னவோ சொன்னார்.

“எந்தம்பிக்காகப் பட்டினி கெடக்க இப்படி ஒரு ஆளு கெடச்சிருக்கறானே, எந்தம்பிக்கு அந்த யோக்கியதை இல்லீன்னு சொல்றாருங்க” என்றான் லூக்கா. “கொஞ்சம் பொறுங்க. எங்கப்பாவே சாப்பிட வந்துட்டிருக்கறாருங்க.”

சொன்னது போலவே புரூனோ ஒயின் பாட்டில்களோடு வந்தார். அண்ணனுக்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும் கொட்டகைப் பேச்சை எடுத்தார். முகம் சிவந்து, விரலை நீட்டி, பெரிய சத்தம். நடுநடுவே அண்ணி பக்கம் தட்டை நீட்டினார். ரோசாவும் களியை வைத்தார். புரூனோ சண்டையை நிறுத்தவும் இல்லை, சாப்பாட்டை விடவும் இல்லை.

அண்ணனை மன்னித்துவிட்டாரா என்று கேட்கச் சொன்னேன். பதிலை லூக்கா நம் பாஷையில் சொன்னான்.

“மன்னிப்பா? அவன் திருடனுங்க. சாகற வரைக்கும் திருடன்தானுங்க. ஆனா ஞாயித்துக்கெழமை வேற எங்கீங்க போயிச் சாப்பிடறது?”

பிறகு புரூனோ என் கையை விலக்கித் தட்டில் ஒரு துண்டு களியை வைத்தார். சாப்பிட்டேன். உப்பு கொஞ்சம் குறைவு.

அவர்கள் உயர்ந்தவர்கள், நாம் மட்டம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. இரண்டு மணி நேரத்தில் எனக்குத் தலைவலி வந்துவிட்டது. அந்தக் கொட்டகை விவகாரம் இன்னும் பத்து வருடம் ஆனாலும் தீராது. ஆனால் கோபத்தை விடாமலே ஒரே மேஜையில் உட்காரலாம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. உங்களுக்குத் தெரியுமா அது? சித்தி இறந்த அன்று உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்திருந்தால், கிணற்று வழக்கில் நீங்கள் தோற்றதாக ஆகியிருக்குமா?

ஊருக்கு வந்ததும் சரசுவுக்குப் போன் செய்தேன்.

“பட்டம் நாங் கட்டறேன். பந்தியிலயும் உக்காருவேன். ஆனா தோட்டத்து விசயத்தை மறந்துட்டேன்னு நெனைச்சுக்காத.”

சரசு உடனே திருப்பிக் கொடுத்தாள்.

“மறக்கோணும்னு உன்னைய ஆரு கேட்டா? ஊட்டுக்கு வா. தின்னுபோட்டுத் தெம்பாச் சண்டை போடு” என்றாள். சரி என்றேன். வைத்துவிட்டேன்.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது, அப்பா. ஏன் மறைத்தீர்கள் என்ற கேள்வி அப்படியே இருக்கிறது, பதில் சொல்லாமல் போய்விட்டீர்கள். ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். கல்யாணம் வரை காத்திருக்கப் போவதில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமையே சரசு வீட்டுக்குப் போய்க் கை நனைப்பேன். கோபத்தையும் கூடவே அழைத்துக்கொண்டுதான் போகிறேன். அதற்கும் சேர்த்து அவள் இலை போடட்டும்.

இப்படிக்கு,
தீபாவின் தாய்மாமன்,
உங்கள் மகன்.