மில்லில் என்னை யாரும் வற்புறுத்துவதில்லை

நெல் வேகும் வாசனை வந்தாலே உன் மேல் எனக்கு எரிச்சல் வருகிறது. நீ காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு நீ பார்த்துவந்த பெருநகர் கிராமத்து மில்லையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். காலையில் அங்கே அரிசி சாம்பிள் எடுத்துவிட்டு, இப்போதுதான் உத்திரமேரூர் ஆபீசில் வந்து உட்கார்ந்தேன். உடம்பெல்லாம் அந்த வாசனை. உன்னிடம் பேசாமல் வேலை ஓடவில்லை.

கம்பெனி சட்டம் நம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். அரிசி வாங்கும் இடத்தில் தண்ணீரைத் தவிர எதையும் வாயில் வைக்கக் கூடாது. ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்து, ஒன்றாகத்தான் அதற்குத் தலையாட்டினோம். நீயும் ஒரு வடையைத் தொட்டதில்லை, நானும் தொட்டதில்லை. ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து எந்த மில்லுக்குப் போனாலும் உன்னைச் சுற்றி மட்டும்தான் கலகலப்பு.

"இன்னா மேடம், ஒரு வாய் மோர்ல இன்னா கெட்டுப்பூடும்?" என்பார் பெருநகர் மில் முதலாளி. நீ டம்ளரை மோந்து பார்த்து, "பெருங்காயம் தூக்கலா கீது நைனா, இந்த வாசனையே பாதி குடிச்ச மாதிரி" என்று திருப்பி வைப்பாய். அவர் விடமாட்டார். அவர் வீட்டம்மாவும் உள்ளேயிருந்து வந்து சேர்ந்துகொள்வார். கெஞ்சலும் சிரிப்புமாகக் கிளம்பவே நேரமாகும். நான் வேண்டாம் என்றால் மட்டும் டம்ளர் மறுபேச்சில்லாமல் உள்ளே போய்விடும். உன் ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்து வரும்போது எனக்கு வயிறு எரியும். ஏன் உம்மென்று இருக்கிறாய் என்று கேட்பாய், வெயில் என்பேன்.

இன்றும் அப்படித்தான். மோர் வந்தது, வேண்டாம் என்றேன், உடனே எடுத்துப் போகச் சொல்லிவிட்டார். எனக்குத் தாங்கவில்லை. "அவங்கள மட்டும் அத்தினி தபா கேட்டீங்களே, என்னை இன்னொரு தபா கேட்டா கொறைஞ்சா பூடுவீங்க?" என்று கேட்டே விட்டேன்.

மனிதர் திகைத்துப் போனார். "அந்த மேடம்தாம்மா சொன்னாங்க. 'அவ ரொம்ப கரெக்டான பொண்ணு நைனா, வற்புறுத்தினா சங்கடப்படுவா, ஒரு தபாக்கு மேல கேக்காதீங்க'ன்னு. எல்லா மில்லுலயும் சொல்லி வெச்சிக்கிறாங்களே."

எனக்காகத்தான் செய்திருக்கிறாய். புரிகிறது. வரும் வழியில் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி அழுதும் ஆயிற்று. பொறாமை மட்டும் போகவில்லை. ஊரெல்லாம் உன்னை நல்லவள் என்பது போதாதென்று, என்னையும் சொல்லவைத்துவிட்டாய்.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதாடி? எத்தனை தடவை நீட்டியிருந்தாலும் நான் குடித்திருக்க மாட்டேன். ஆனால் நீட்டியிருப்பார்கள்.