பச்சைக் காருக்கு மஞ்சள் பூட்டு

ஹேதர்ஸ்லி, யார்க்ஷயர்
புதன்கிழமை மாலை

அன்புள்ள ஜோயலுக்கு,

கடிதத்தை இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். ஆகவே அந்த 'அன்புள்ள'வுக்குள் எதையும் தேடாதே. நான் நலம். நியூஸிலாந்தில் இப்போது குளிர் தொடங்கியிருக்கும். கம்பளி உடுப்பு வைத்திருக்கிறாயா என்று கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறதா இல்லையா என்பது தெரியவில்லை, கேட்டுவிட்டேன்.

இந்தக் கடிதம் உன்னிடம் வரும் விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் தொலைபேசி எண்ணை உன் பெரியம்மா ஹெஸ்டரிடம் கேட்டேன். "அவனே உனக்குக் குடுக்காத நம்பரை நான் எப்படிக் குடுக்கறது, லயனல்? எழுதிக் குடு, போட்டோ புடிச்சு அனுப்பறேன்" என்றாள். அதாவது முதலில் அவள் படிப்பாள், பிறகுதான் நீ. படிக்கட்டும். ஹெஸ்டர், இந்த வரியில் உனக்கு வணக்கம். கொஞ்சம் வெளிச்சத்தில் வைத்துப் பிடி, கை நடுங்காமல்.

விஷயம் இதுதான். திங்கட்கிழமை காலை குப்பைத் தொட்டியை வெளியே உருட்டப் போனபோது, அம்மாவின் பச்சைக் காரின் முன்சக்கரத்தில் மஞ்சள் நிறத்தில் ஓர் இரும்புப் பூட்டு. கண்ணாடியில் பிளாஸ்டிக் உறையில் ஒரு நோட்டீஸ். ஜப்தி ஆட்கள். கடனாளி பெயர் என்று அதில் இருந்தது உன் பெயர்.

பக்கத்து வீட்டு ஆம்லர், கையில் டீக்கோப்பையோடு, உள்ளாடைக்கு மேல் கோட்டை மாட்டிக்கொண்டு ஏற்கெனவே வாசலில் நின்றிருந்தான். ஒரு பிளம்பருக்குக் காலையில் வேறு வேலை இருக்காதா என்ன? "என்ன வாத்தியாரே, வண்டிக்குப் புதுச் செருப்பா? ஒரு கால்ல மட்டும் போட்டிருக்கே, இன்னொண்ணு எப்ப வரும்?" என்றான். தெருவே கேட்டது.

உனக்குத் தெரியும், எங்கள் தெருவில் அவரவர் வீட்டு வாசலுக்கு முன்னால் அவரவர் வண்டி என்பது எழுதாத சட்டம். அந்தச் சட்டத்தை ஆம்லரின் வேன் எத்தனையோ வருஷமாக மீறுகிறது. என் இடத்தில் அவன் வேன் நிற்கும் ஒவ்வொரு முறையும் நான் கண்ணாடியில் மரியாதையாக ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். சென்ற மாதம் குப்பைத் தொட்டியை வைத்து இடம் பிடித்தேன். அதை அவன் நகர்த்திவிட்டான். அப்படிப்பட்டவன் எனக்கும் முன்பே எழுந்து வந்து நிற்கிறான் என்றால் யார் தகவல் கொடுத்தது? நேராகவே கேட்டேன். "நான் ஒருத்தனைக் காட்டிக் குடுக்கணும்னா ஊர்ல இன்னும் நல்ல ஆளுங்க இருக்காங்க, வாத்தியாரே" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தான். இது மறுப்பா, ஒப்புதலா, நீயே சொல்.

அடுத்து எனக்கு வந்த சந்தேகம், இவர்கள் ஜப்தி ஆட்களே அல்ல, ஏமாற்றுக்காரர்கள் என்பது. இப்போதெல்லாம் அச்சடித்த காகிதமும் மஞ்சள் இரும்பும் யாருக்கும் கிடைக்கும். நோட்டீஸில் இருந்த எண்ணை விட்டுவிட்டு, நூலகத்தில் போய்ப் பதிவேட்டில் பார்த்து வேறு எண் எடுத்துப் பேசினேன். இரண்டும் ஒரே கம்பெனிதான். ஏமாற்றமாக இருந்தது.

போனில் ஒரு பெண். குரலில் தேன். "நீங்க ஜோயலா சார்?" என்றாள். அவனுடைய தந்தை என்றேன். "அப்ப என்னால எதுவும் பேச முடியாது சார். தனிநபர் தகவல் சட்டம். அவர்தான் பேசணும்." பூட்டு என் வீட்டு வாசலில் கிடக்கிறது, பேச்சு மட்டும் என்னோடு கிடையாதாம். பணத்தை மட்டும் யார் கட்டினாலும் வாங்கிக்கொள்வார்களாம், அதற்குச் சட்டம் குறுக்கே வராதாம்.

வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டு, நான் ஜோயல் என்றேன். வேறு பெண். பிறந்த தேதி கேட்டாள், சொன்னேன். வீட்டு விலாசம் சொன்னேன். கார் எண் சொன்னேன். "ரொம்ப நன்றி ஜோயல், உங்க மொபைல் நம்பரோட கடைசி மூணு எண் மட்டும் சொல்லிடுங்க" என்றாள்.

போனை வைத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை அந்த ஆளே வந்தான். பெயர் கோர்டனாம். நெஞ்சில் கேமரா, பூட்ஸ், கதவு நிறைய உடம்பு. ஜப்தி ஆளுக்குக் கதவைத் திறக்கக்கூடாது என்பது இந்த நாட்டில் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஒரு தடவை காலை உள்ளே வைத்துவிட்டால் டிவி வரை எழுதிக்கொண்டுவிடுவான். திறக்காவிட்டால் உடைக்க அதிகாரம் இல்லை. எனவே நான் கதவுக்கு உட்புறம் மண்டியிட்டு, அவன் வெளியே குனிந்து, கதவில் கடிதம் போடும் துவாரம் வழியாகப் பேச்சு நடந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவன் முகவாயும் கேமராவும்தான்.

சட்டத்தைப் பற்றி அவனுக்கு அந்தப் பெண்களைவிட அக்கறை குறைவு. கேட்டதும் சொல்லிவிட்டான். பேருந்துகளுக்கு மட்டும் என்று ஒதுக்கிய தடத்தில் கார் ஓட்டிய அபராதம். ஒரு தடவை அல்ல, பல தடவை. கட்டாததால் ஏறி, நீதிமன்றம் போய், இவர்களுடைய கூலியும் சேர்ந்து, அந்தக் காரின் விலையைத் தாண்டிவிட்டது. என் கையில் அவ்வளவு இல்லை. இருந்திருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்.

என் மகன் சென்ற வருஷத்துக்கு முந்தைய இலையுதிர் காலத்திலேயே நாட்டைவிட்டுப் போய்விட்டான் என்றேன். "எல்லாம் போன குளிர்காலத்துல நடந்தது சார். அப்ப யாரு ஓட்டினது, பேயா?" என்றான். அறிவிப்பே வரவில்லையே என்றேன். "வந்துச்சே சார். எல்லாத்து மேலயும் சிவப்பு மையில 'இந்த ஆள் இங்கே இல்லை'ன்னு எழுதித் திருப்பி அனுப்பியிருக்கீங்க. ஆபீஸ்ல எல்லாரும் பாத்தோம். ரொம்ப அழகான கையெழுத்து சார், பொய் சொல்லக்கூடாது."

நான் எழுதியது உண்மை. நீ இங்கே இல்லை. அடுத்தவர் கடிதத்தைப் பிரிப்பவனும் நான் அல்ல. உன் பெயரைத் தாங்கி எது வந்தாலும் அன்றைக்கே அப்படி எழுதித் தபால் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தேன். அது எந்த மனநிலையில் செய்தது என்பதை அரசாங்கம் விசாரிக்கத் தேவையில்லை.

எந்தச் சாலை என்று கேட்டேன். "செல்வுட் ரோடு ஏற்றம். எல்லாமே வியாழக்கிழமை, பகல்ல" என்றான்.

மாற்றுச் சாவி ஹெஸ்டரிடம் இருக்கிறது. அந்தக் காரை உன் பெயருக்கு மாற்ற, எனக்குத் தெரியாமல் அம்மாவைப் படுக்கையிலிருந்து எழுப்பிக் கையெழுத்து வாங்கியவளும் அவள்தான். (இல்லை, ஹெஸ்டர், இதை நான் மறக்கவில்லை.) முப்பது வருஷம் அந்தக் காருக்கும் அதற்கு முந்தைய கார்களுக்கும் எண்ணெய் பார்த்தவன் நான். பள்ளிக்கூடத்தில் எனக்கு வரவேண்டிய துறைத் தலைவர் நாற்காலியில் விளையாட்டு வாத்தியாரை உட்காரவைத்தார்கள். வீட்டிலும் அதே கதை. அது கிடக்கட்டும். பேருந்து பிடித்து அவள் வீட்டுக்குப் போனேன். வியாழக்கிழமைகளில் என் வீட்டு வாசலில் இருந்து காரை எடுத்துக்கொண்டு எங்கே போகிறாய் என்று கேட்டேன்.

அவள் கோபப்படவில்லை. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. "வியாழக்கிழமை நான் சர்ச்சுல ஏழைங்களுக்கு சூப் ஊத்திக்கிட்டு இருப்பேன், லயனல். ஊருக்கே தெரியும். அந்த ஏற்றத்துல எனக்கென்ன வேலை? என் தங்கச்சி ஜில்லியனைப் பாக்க நான் ஞாயித்துக்கிழமைதான் போவேன்" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "ஞாயித்துக்கிழமை நான் போறப்ப ஏற்கெனவே பழைய பூவை எடுத்துட்டு யாரோ தண்ணி மாத்தி வச்சிருக்காங்க. தோட்டக்காரன்னு நெனச்சேன்" என்றாள்.

நான் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். பிஸ்கட்கூடக் கொடுக்கவில்லை அவள். இப்போது இதைப் படித்துக்கொண்டு என்னென்ன கற்பனை செய்கிறாளோ.

செல்வுட் ரோடு ஏற்றத்தின் உச்சியில் கல்லறைத் தோட்டம் மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்துவிடாதே. ஒரு மரக்கடையும் இருக்கிறது. பேருந்துத் தடத்தின் பலகையை ஒரு பெரிய மரக்கிளை மறைக்கிறது. வேண்டுமென்றே வெட்டாமல் விட்டிருக்கிறார்கள் என்பது என் சந்தேகம், கேமரா மட்டும் கிளைக்கு வெளியே பளிச்சென்று நிற்கிறது. அம்மாவின் அடக்கம் முடிந்து, ஊர் மதுக்கடை மாடியில் எல்லோரும் ஹாம் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தபோது, "இவர் இனிமே கல்லறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார், நீங்க வேணா பாருங்க" என்று நீ எல்லோர் முன்னாலும் சொன்னாய். அப்படிச் சொன்னவனிடம் போய், இல்லையப்பா, வாரம் தவறாமல் போகிறேன் என்று கணக்கு ஒப்பிக்க எனக்கு என்ன தலையெழுத்து? அரசாங்கம் படம் பிடித்து உனக்கே அனுப்பியிருக்கிறது. நான்தான் திருப்பி அனுப்பிவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கிளம்பும் முன் கோர்டன் அந்தத் துவாரம் வழியாக ஒரு காகிதத்தை நீட்டினான். "வண்டி என்னோடதுன்னு ஒரு கையெழுத்து போட்டுக் குடுங்க சார். ரசீது கிசீது எதுவும் காட்டுங்க. பையன் வண்டி இல்லேன்னா எனக்கு இதுல வேலையே இல்ல, கழட்டிட்டுப் போயிடுவேன்" என்றான். அது என்னுடையது என்றுதானே இவ்வளவு காலமும் கேட்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்? பேனாவை எடுத்தேன். மூடியைக் கழற்றினேன், திரும்ப மாட்டினேன். பிறகு, இது என் மகனுக்கு அவன் அம்மா கொடுத்தது என்று சொல்லிக் காகிதத்தைத் திருப்பித் தள்ளிவிட்டேன். "நீங்க ஒரு விசித்திரமான ஆளு சார்" என்றான். கேமரா அதையும் பதிவு செய்திருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை இழுவை வண்டி வருகிறது. பிறகு ஏலம். அம்மா கடைசியாக ஓட்டிய கார், யாரோ ஒரு தரகன் கைக்குப் போகும். முன்னிருக்கைக்குக் கீழே அவளுடைய புதினா மிட்டாய் டப்பா இன்னும் உருண்டுகொண்டிருக்கிறது. திருப்பத்தில் சத்தம் கேட்கும். எடுத்து வெளியே போடவில்லை. சோம்பல்.

ஆம்லர் தன் வேனைக் கொண்டுவந்து காரின் மூக்கோடு மூக்காக நிறுத்தியிருக்கிறான். பின்னால் அவன் மைத்துனனுடைய கார். "இழுவை வண்டி எந்தப் பக்கமா வருதுன்னு பாத்துடலாம், வாத்தியாரே. என் வேன் ரிப்பேரு. நகராது. வேணும்னா சீட்டு எழுதி வைங்க" என்று சிரித்தான். நான் நன்றி சொல்லவில்லை. கார் போனதும் அந்த இடத்தில் நுழையத் தயாராக நிற்கிறான், அதுதான் கணக்கு. ஆனாலும் ஒரு நாளாவது தாங்கும்.

நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. கார் உன் பெயரில் இருப்பதால் உன்னால்தான் முடியும். அபராத அறிவிப்பு எதுவும் உன் கைக்கு வந்து சேரவில்லை என்று நீ நீதிமன்றத்துக்கு ஓர் உறுதிமொழி அனுப்ப வேண்டும். கணினியிலேயே அனுப்பலாமாம். அது முழு உண்மை என்பதற்கு நான் சாட்சி. அனுப்பியதும் பூட்டுக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். விவகாரம் பழைய சிறிய அபராதத்துக்கே திரும்பிவிடும். அதை நான் கட்டுகிறேன். ஓட்டியது யார் என்று கேட்டால் என் பெயரைத் தயங்காமல் கொடு.

உறுதிமொழி அனுப்பிய கையோடு அந்தக் கம்பெனிக்கும் ஒரு போன் செய்துவிடு. படம் பிடிக்க நோட்டீஸையும் இதோடு வைத்திருக்கிறேன், எண் அதில் இருக்கிறது.

இதில் எனக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. நீ அவர்களிடம் பேசினாயா இல்லையா என்பதை அவர்கள் என்னிடம் சொல்ல மாட்டார்கள், சட்டம். ஹெஸ்டர் சொல்வாள், ஆனால் அவள் சொல்வதை நான் நம்புவதாக இல்லை. கோர்டனை நம்புவதாக இல்லவே இல்லை. ஆகவே அதை உன் வாயாலேயே நான் கேட்டால்தான் எனக்கு நிச்சயப்படும். இந்த வீட்டு எண் மாறவில்லை. அங்கே உனக்கு எந்த நேரம் வசதியோ அந்த நேரத்தில் கூப்பிடு. இங்கே எந்த நேரமாக இருந்தாலும் பரவாயில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். எங்கே இருந்தாலும் உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது.

இப்படிக்கு,
அப்பா
(லயனல் ஹர்ஸ்ட்)